கோழி அடையும் நேரம்

புதிதாகக் கோழி வளர்க்கத் தொடங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: ராத்திரியில் கூண்டுக்குள் தீனியும் தண்ணீரும் வைக்க வேண்டுமா?

நியாயமான கேள்விதான். மாடு நள்ளிரவில் எழுந்து வைக்கோலை இழுத்துத் தின்னும். நாயின் தண்ணீர்க் கிண்ணம் விடிய விடிய வாசலில் கிடக்கும். கோழியை மட்டும் பன்னிரண்டு மணி நேரம் அடைத்துப் போட்டுவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூட வைக்காமல் நாம் போய்ப் படுத்துக்கொள்வது மனசை உறுத்தத்தான் செய்யும். இப்போது கடைகளில் விற்கும் கூண்டுகளும் அந்த உறுத்தலுக்கு மருந்தாக, தீனித் தட்டையும் தண்ணீர்க் குவளையையும் உள்ளேயே பொருத்தி வருகின்றன.

கிராமத்து வழக்கம் வேறு. பொழுது சாயும் முன் முற்றத்தில் நின்று “பா... பா... பா...” என்று கூப்பிட்டு, நொய்யோ கம்போ இரண்டு கை அள்ளி இறைப்பார்கள். மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் நாலா பக்கமிருந்தும் ஓடிவந்து பொறுக்கும். இருட்டியதும் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தால் வேலை முடிந்தது. உள்ளே வெறுந்தரைதான். காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால், கோழிகள் எந்தச் சோர்வும் இல்லாமல் குப்பைமேட்டைப் பார்த்து ஓடும்.

இதில் யார் செய்வது சரி என்பதற்கான விடை கூண்டின் அமைப்பில் இல்லை, கோழியின் உடம்பில் இருக்கிறது. அதன் கண், கழுத்தடியில் இருக்கும் பை, முட்டை உருவாகும் குழாய், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தால், நம் கேள்வியே கொஞ்சம் மாறிவிடும்.

பகலுக்கென்றே அமைந்த கண்

மனிதக் கண்ணில் நிறத்தை அறியும் கூம்புச் செல்கள் 3 வகை. கோழிக்கு 4 வகை. ஊதா நிறத்தையும் அதைத் தாண்டிப் புறஊதாக் கதிரின் விளிம்பையும் அதனால் உணர முடியும். இவை போக, அசைவைக் கண்டுபிடிக்க உதவும் இரட்டைக் கூம்புகள் வேறு. நண்பகலில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் ஒரு கம்பு மணியை அரை நொடியில் கொத்தி எடுப்பது இந்தக் கண்ணால்தான்.

அதற்கு அது கொடுத்திருக்கும் விலை இரவுப் பார்வை. மங்கிய ஒளியில் வேலை செய்யும் கோல் செல்கள் கோழிக்கு ஒப்பீட்டளவில் குறைவு. இருட்டிய பிறகு அதை யாரும் சுலபமாகக் கையில் பிடித்துவிடலாம் என்பது கோழி வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். பகலில் ஊரையே சுற்றிவிட்டு ஓடும் சேவல், இரவில் கையில் தூக்கினால் முனகுவதோடு சரி.

இதற்குக் காரணம் அதன் பூர்வீகம். 800-க்கும் மேற்பட்ட கோழிகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆய்வு, வீட்டுக்கோழியின் மூதாதை தென்மேற்குச் சீனா, வடதாய்லாந்து, மியான்மர் பகுதிகளில் வாழும் செங்காட்டுக்கோழியின் ஒரு கிளையினம் என்று காட்டியது. நமக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. பல வீட்டுக்கோழிகளின் தோலுக்கு மஞ்சள் நிறம் தரும் மரபணு, தென்னிந்தியக் காடுகளில் திரியும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் கண்டறிந்தார்கள்.

காட்டுக்கோழி பகல் முழுக்கத் தரையைக் கிளறும். அந்தி சாய்ந்ததும் மரக்கிளைக்கு ஏறிவிடும். இரவில் தரை என்பது நரிக்கும் மரநாய்க்கும் பாம்புக்கும் உரியது. நள்ளிரவில் பசிக்கிறதென்று கீழே இறங்கிய கோழிகளுக்கு வாரிசுகள் மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை. அசையாமல் உட்கார்ந்திருந்தவற்றின் வாரிசுகள்தான் நம் கூண்டில் இருக்கின்றன. மரம் போய்க் கூண்டு வந்து பல ஆயிரம் ஆண்டுகள் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

வெளிச்சத்துக்கும் தீனிக்கும் உள்ள உறவைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். நான்கு விதமான ஒளி அளவுகளில் தீனியை வைத்துக் கோழிகளை விருப்பப்படி தேர்ந்தெடுக்க விட்டபோது, 200 லக்ஸ் வெளிச்சத்தில் அவை அதிகமாகத் தின்றன. 1 லக்ஸுக்கும் குறைந்த மங்கலில் மிகக் குறைவாகத் தின்றன. முழு நிலவின் வெளிச்சமே கால் லக்ஸ் அளவுதான். பௌர்ணமியன்றுகூடக் கூண்டுக்குள் வைத்த தட்டைக் கோழி தொடாததற்குக் காரணம் இதுதான். பண்ணைகளில் இருட்டு நேரத்தைச் செயற்கையாக மிகவும் நீட்டினால் கறிக்கோழிகள் இருட்டிலும் கொஞ்சம் தின்னப் பழகிக்கொள்கின்றன. ஆனால், சூரியனை நம்பி வாழும் வீட்டுக்கோழிக்கு அந்தக் கட்டாயம் வருவதில்லை.

விழிப்பும் பார்வையும் வேறு வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சேவல் விடியலுக்கு முன்பே கூவுகிறது. வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கூவுகிறதா, அதன் உடம்புக்குள் கடிகாரம் ஏதும் உண்டா என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். மாறாத மங்கலான ஒளியில் அடைத்து வைத்தபோதும் சேவல்கள் ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒருமுறை, தங்கள் உள்கடிகாரப்படி கூவின. 2013-இல் வெளியான இந்த முடிவு நமக்குச் சொல்வது: இரவு எவ்வளவு நீளம், விடியல் எப்போது, அந்தி எப்போது என்பதைக் கோழி முன்கூட்டியே அறிந்து வைத்திருக்கிறது. அந்த அறிவை அது கூவுவதற்கு மட்டும் பயன்படுத்துவதில்லை.

கழுத்தடியில் ஒரு கட்டுச்சோறு

மாலை நாலரை, ஐந்து மணிக்குக் கோழிகளைக் கவனியுங்கள். மதிய வெயிலில் நிழலில் படுத்து மண்குளித்துக்கொண்டிருந்தவை எழுந்து மும்முரமாகத் தின்னத் தொடங்கும். ஒரு நாளில் கோழி அதிகமாகத் தின்னும் நேரங்கள் இரண்டு. ஒன்று விடிந்த உடனே. மற்றொன்று அடைவதற்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரம். இரண்டாவது வேளை அந்த நேரத்துப் பசிக்காக மட்டும் அல்ல, வரப்போகும் இரவுக்கான சேமிப்பு.

சேமிக்கும் இடம் தீனிப்பை. உணவுக்குழாய் மார்புக்குள் நுழையும் முன், கழுத்தின் அடியில் சற்று வலப்பக்கமாக விரிந்து உண்டாகும் பை அது. பகலில் வயிறு காலியாக இருந்தால் கோழி விழுங்கியது இந்தப் பையில் தங்காமல் நேராகக் கீழே போய்விடும். மாலையிலோ தீனி இங்கே தங்கிக் குவியும். பிரயாணம் போகிறவர் கட்டுச்சோற்றோடு கிளம்புவதைப் போலத்தான் கோழி இரவுக்குள் நுழைகிறது.

பைக்குள் தீனி சும்மா கிடப்பதில்லை. கோழி குடித்த தண்ணீரில் தானியம் ஊறி உப்புகிறது. அங்கே வாழும் லாக்டோபேசில்லஸ் வகை பாக்டீரியாக்கள் லேசாகப் புளிக்க வைக்கின்றன. அதனால் உண்டாகும் அமிலத்தன்மை சால்மோனெல்லா போன்ற கெட்ட கிருமிகளுக்கு ஒரு தடை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, இரவு முழுக்க, ஊறிய தீனி கீழே இறங்குகிறது. முதலில் அமிலம் சுரக்கும் சிறு வயிறு, அடுத்தது அரைவைப்பை.

இறைச்சிக்கடையில் ஈரலோடு சேர்த்துத் தரும் கெட்டியான தசையுருண்டைதான் அரைவைப்பை. பல்லில்லாத கோழி தானியத்தை மெல்லுவது இங்கேதான். அதன் பலம் ஐரோப்பிய அறிஞர்களை வெகுகாலம் வியக்க வைத்தது. 17-ஆம் நூற்றாண்டில் ஃபுளோரன்ஸ் நகரத்து அறிவியல் கழகத்தினர், உள்ளீடற்ற கண்ணாடிக் குண்டுகளைக் கோழிகளுக்கும் வாத்துகளுக்கும் விழுங்கக் கொடுத்து, அவை தூளாக நொறுங்கியதைப் பதிவு செய்தார்கள். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு இத்தாலியின் லாசரோ ஸ்பலான்சானி, ஊசிகள் செருகிய ஈயக்குண்டுகளை வான்கோழிகளுக்குக் கொடுத்தார். ஊசிகள் முறிந்தன, அரைவைப்பைக்கு ஒரு கீறலும் இல்லை. கோழி தேடித் தேடி விழுங்கும் சிறுகற்கள் இந்த அரைவையை இன்னும் வேகமாக்குகின்றன. கூண்டிலேயே வளரும் கோழிக்குத் தானியம் கொடுப்பவர்கள் கொஞ்சம் பருமணலும் வைக்க வேண்டியது இதற்காகத்தான்.

மாலையில் மாவுத்தீனியைவிட முழுத் தானியமோ உடைத்த தானியமோ கொடுக்கும் பழைய வழக்கத்துக்கு இங்கே அர்த்தம் கிடைக்கிறது. மாவு சீக்கிரம் கடந்து போய்விடும். கம்பும் சோளமும் ஊறவும் அரையவும் நேரம் எடுக்கும். இரவில் நெடுநேரத்துக்கு வரும்.

எவ்வளவு நேரத்துக்கு? கறிக்கோழிப் பண்ணைகளில் கோழியை வெட்டுக்கு அனுப்பும் முன் குடல் காலியாக வேண்டும் என்பதற்காக 8 முதல் 12 மணி நேரம் தீனியை நிறுத்திவைப்பார்கள். மாவாகவோ குருணையாகவோ தின்று வளர்ந்த கோழிக்கே அந்தக் கணக்கு. சென்னையில் வருடத்தின் மிக நீளமான இரவு, சூரியன் மறைந்ததிலிருந்து உதிப்பது வரை, ஏறக்குறைய 12 மணி 40 நிமிடம். அந்தியொளியும் விடியொளியும் போக இன்னும் குறைவு. போதாததற்கு இரவில் கோழியின் செலவும் குறைகிறது. பகலில் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும் உடல்வெப்பம் தூக்கத்தில் சற்றுத் தணிகிறது; இறகை உப்பிக்கொண்டு, தலையைத் திருப்பிச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அதிக எரிபொருள் தேவையில்லை. நம் ஊர் இரவுக்கு ஒரு நிறைந்த தீனிப்பை தாராளம்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் படிப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். டிசம்பர் மாத லண்டனில் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரத்தில் 4 மணி நேரம்கூட இல்லை. 16 மணி, 20 மணி நேர இருட்டோடு கடுங்குளிரும் சேர்ந்துகொண்டால் கோழிக்கு விளக்கும் தீனியும் கூண்டுக்குள்ளேயே வேண்டும். தண்ணீர் உறைந்துபோகாமல் இருக்க ஏற்பாடும் வேண்டும். அங்கே எழுதிய யோசனை மதுரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பொருந்த வேண்டிய அவசியமில்லை.

தூங்கும்போது நடக்கும் முட்டை வேலை

தீனிப்பை நிரம்பியிருந்தால் மட்டும் போதாத ஒரு கோழி உண்டு. அது முட்டையிடும் பெட்டை.

ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. மஞ்சள்கருவைச் சுற்றி வெள்ளைக்கருவும் மெல்லிய தோலும் சேர்வதற்கு ஐந்து மணி நேரம் போலத்தான். மீதி 18 முதல் 20 மணி நேரம் ஓடு உருவாகும் அறையில் கழிகிறது. காலையில் முட்டையிடும் கோழிக்கு இந்த வேலையின் மும்முரமான பகுதி நடுராத்திரியில் விழுகிறது. அதாவது கோழி ஒன்றும் தின்னாத நேரத்தில் அதன் உடம்புக்குச் சுண்ணாம்புச்சத்து மிக அதிகமாகத் தேவைப்படுகிறது.

பண்ணை முட்டையின் ஓட்டில் இரண்டு கிராமுக்குக் குறையாத கால்சியம் இருக்கிறது. ஓடு இறுகும் நேரத்தில் மணிக்கு 100 முதல் 150 மில்லிகிராம் வரை கால்சியம் போய்ச் சேர வேண்டும். கோழியின் ரத்தத்தில் எந்த நேரத்திலும் சுற்றிக்கொண்டிருப்பது அதில் நாலில் ஒரு பங்குதான். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தின் கால்சியம் முழுவதும் காலியாகி மறுபடி நிரம்புகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த நிரப்புதலுக்கு இரண்டு கிடங்குகள். ஒன்று குடல். மற்றொன்று எலும்பு. முட்டையிடும் பருவத்தில் மட்டும் பெட்டையின் கால் எலும்புகளின் உட்குழிவில் ஒரு தற்காலிக எலும்புத் திசு வளர்கிறது. தேவைப்படும்போது அது கரைந்து ஓட்டுக்குக் கால்சியம் கொடுக்கிறது. இன்று வாழும் உயிரினங்களில் பறவைகளுக்கே உரிய இந்தத் திசுவை 6 கோடியே 80 லட்சம் ஆண்டுப் பழமையான ஒரு டைரனோசரஸ் எலும்பில் 2005-இல் மேரி ஷ்வைட்சர் என்ற அமெரிக்க ஆய்வாளர் கண்டபோது, அந்த டைனோசர் பெண் என்றும் முட்டையிடும் பருவத்தில் இறந்தது என்றும் சொல்ல முடிந்தது.

எலும்பிலிருந்து எடுப்பது கடன்தான். குடலிலிருந்து வருவது வரவு. கோழிக்கு இது தெரியும் என்றுதான் சொல்ல வேண்டும். சுண்ணாம்புச்சத்தைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால், முட்டையிடும் பெட்டைகள் பிற்பகலிலும் மாலையிலும்தான் அதை அதிகமாகத் தேடித் தின்கின்றன என்பது 1970-களிலேயே உறுதியான செய்தி. எனவே சுண்ணாம்புச்சத்துக்காகக் கொடுக்கும் கிளிஞ்சலை மாலையில் வைப்பது நல்லது. அதையும் பொடியாக வைக்காமல், உடைத்த சிறு துண்டுகளாக வைக்க வேண்டும். பொடி சீக்கிரம் கரைந்து கடந்துவிடும். துண்டுகள் அரைவைப்பையில் தங்கி, அமிலத்தில் இரவு நெடுகக் கரைந்துகொண்டிருக்கும்.

வருடத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடும் பண்ணைக்கோழிக்கு இந்தக் கணக்கு வாழ்வா சாவா என்பது போன்றது. அதனால்தான் முட்டைப்பண்ணைகளில், குறிப்பாகக் கோடையில், நள்ளிரவில் ஒன்றிரண்டு மணி நேரம் விளக்கைப் போட்டுத் தீனி கொடுக்கும் முறை இருக்கிறது. வருடத்துக்கு 60, 80 முட்டையோடு நின்று அடைக்குப் படுத்துவிடும் நம் சிறுவிடைக் கோழிக்கு அந்த அவசரம் இல்லை. புழு பூச்சி, நத்தை, மாலையில் கொஞ்சம் கிளிஞ்சல், உடைத்துப்போட்ட முட்டை ஓடு ஆகியவை போதும்.

தண்ணீர்க் கணக்கு

தீனியை விட்டுவிடலாம், தண்ணீர்? தாகத்தைப் பையில் கட்டிவைக்க முடியாதே என்று தோன்றும்.

கோழி தின்னும் தீனியின் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். 110 கிராம் தின்னும் முட்டைக்கோழி, வெயில் இல்லாத நாளில் 200 முதல் 250 மில்லி குடிக்கும். கோடை உச்சத்தில் அது இரண்டு மடங்குக்கு மேல் போகும். 60 கிராம் முட்டையில் 40 கிராம் தண்ணீர்தான். பகலில் பல மணி நேரம் தண்ணீர் இல்லாமல் விட்டால் தீனி குறையும், பின்னாலேயே முட்டையும் குறையும். பழைய நிலைக்குத் திரும்பப் பல நாள் ஆகும்.

ஆனால் இருட்டில் கோழி தேடிப்போய்க் குடிப்பதில்லை. அதை ஈடுகட்ட அதன் உடம்பு தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது. நாம் கழிவு நைட்ரஜனை யூரியாவாக்கிச் சிறுநீரில் கரைத்து வெளியேற்றுகிறோம்; அதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும். கோழி யூரிக் அமிலமாக, ஏறக்குறைய கூழாக வெளியேற்றுகிறது. எச்சத்தின் மேல் தெரியும் வெள்ளைப் பூச்சு அதுதான். கோழிக்குச் சிறுநீர்ப்பையே கிடையாது. சிறுநீரகத்திலிருந்து வந்த நீர், கழிவுவாயிலிருந்து பின்னோக்கிப் பெருங்குடலுக்குள் தள்ளப்பட்டு, அங்கே மறுபடி உறிஞ்சப்படுகிறது. இந்தச் சிக்கனத்தோடு, அடையும் முன் வயிறு நிறையக் குடித்த கோழி சாதாரண இரவைச் சிரமமில்லாமல் கடந்துவிடும்.

சாதாரண இரவு என்று சொல்லக் காரணம் இருக்கிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வெப்பம் தாங்காதபோது அலகைத் திறந்து மூச்சிரைத்து, தொண்டையின் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்பைத் தணித்துக்கொள்கிறது. தகரக் கூரையின் கீழ் மே மாத இரவில் மூச்சிரைக்கும் கோழி, கண் தெரியாத நேரத்தில் தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். அந்த நிலைமைக்குத் தண்ணீர்க் கிண்ணம் அரைகுறை வைத்தியம். முழு வைத்தியம் காற்றோட்டம்: கூண்டின் மேற்பகுதியில் கம்பிவலைத் திறப்பு, கூரைமேல் தென்னங்கீற்று, அளவுக்கு மேல் கோழிகளை நெருக்கி அடைக்காமல் இருப்பது. தீனியைக் கொடுக்கும் நேரமும் முக்கியம். செரிமானமே உடம்பில் வெப்பத்தை உண்டாக்கும்; தின்ற சில மணி நேரத்தில் அது உச்சத்துக்கு வரும். எனவே கோடையில் நண்பகல் தீனியைத் தவிர்த்து, அதிகாலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் கொடுக்க வேண்டும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் கோழி குறைவாகவே குடிக்கும். நிழலில் வைத்த மண்சட்டி பிளாஸ்டிக் குவளையைவிட மேல்.

தட்டை நாடி வருபவை

கோழி தொடாத தீனித் தட்டு இரவில் அப்படியே இருப்பதில்லை. அதைத் தேடி வருகிறவர்கள் வேறு.

ஒரு வளர்ந்த எலி ஓர் இரவில் 20, 25 கிராம் தின்றுவிடும். தின்பதைவிட அது கெடுப்பது அதிகம். அதன் கழிவு வழியே சால்மோனெல்லா தீனியில் கலக்கும். சிறுநீர் வழியே எலிக்காய்ச்சல் கிருமி மனிதருக்கும் வரும். பெருச்சாளி கூண்டுக்கு அடியில் வளை தோண்டும், குஞ்சுகளையும் விடாது. எலி இருக்கும் இடத்தைத் தேடிச் சாரையும் நல்லபாம்பும் வரும். கீரியும் மரநாயும் சுற்றத் தொடங்கும். ஆக, கோழியின் பசிக்கென்று வைத்த தட்டு கோழியின் எதிரிகளுக்குச் சொல்லி அனுப்பிய அழைப்பாகிவிடுகிறது. மாலைத் தீனி மிஞ்சினால் அள்ளி மூடிபோட்ட டப்பாவில் வைப்பதும், கூண்டுக்கு அரை அங்குலத்துக்குக் குறைந்த கண்ணியுள்ள வலை அடிப்பதும் எந்த எலிமருந்தையும்விடப் பயன் தரும்.

தண்ணீரின் ஆபத்து வேறு வகை. இரவில் உட்காரும் கழியிலிருந்து இடம் மாறும் கோழி தட்டிவிட்டாலோ, குவளை கசிந்தாலோ, தரையில் போட்ட உமியும் மரத்தூளும் ஈரமாகும். ஈரம் பட்ட எச்சத்தில் பாக்டீரியாக்கள் யூரிக் அமிலத்தைச் சிதைத்து அம்மோனியாவாக்கும். காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டினால் அது கோழியின் கண்ணையும் மூச்சுக்குழாயையும் புண்ணாக்கும். காலையில் கூண்டைத் திறந்ததும் உங்கள் மூக்கில் நெடி ஏறினால், இரவெல்லாம் அதையே கோழிகள் சுவாசித்திருக்கின்றன என்று அர்த்தம்.

ரத்தக்கழிச்சல் நோயை உண்டாக்கும் ஐமீரியா என்ற ஒட்டுண்ணிக்கும் ஈரம் வேண்டும். எச்சத்தோடு வெளியே விழும் அதன் முட்டையுறைகள் உடனே தொற்றுவதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முதிர்ந்து, கொத்தும் கோழியின் வாய்க்குள் போகக் காத்திருக்கும். காய்ந்த தரையில் அந்த முதிர்ச்சி நடப்பதில்லை.

மூலையில் நாள்கணக்கில் சேர்ந்து கிடக்கும் ஈரத்தீனியும் கவனிக்க வேண்டியதே. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப்பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சே காரணம் என்று பிறகு தெரிந்தது. அஃப்ளடாக்ஸின் என்று இன்று உலகமே அஞ்சும் நஞ்சு அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

எப்போது வைத்தே ஆக வேண்டும்

இவ்வளவும் சொன்ன பிறகு, “வைக்கவே வேண்டாம்” என்று ஒரே வரியில் முடிப்பது எளிது. ஆனால் அது தவறாகிவிடும். ஏனென்றால் கோழியைப் பட்டினி போடுவது இருட்டு அல்ல, வெளிச்சம் வந்த பிறகும் திறக்காத கதவு.

தமிழ்நாட்டில் ஜூன் மாதத்தில் ஐந்தரைக்கே நன்றாக வெளுத்துவிடும். தீனிப்பை காலியான கோழி பசியோடும் தாகத்தோடும் இறங்கி நிற்கும். வீட்டுக்காரர் எட்டு மணிக்குத்தான் கூண்டைத் திறப்பார் என்றால், அந்த இரண்டரை மணி நேரம்தான் உண்மையான பட்டினி. ஒன்றையொன்று கொத்துவதும் இறகைப் பிடுங்குவதும் அப்போதுதான் தொடங்கும். எனவே எண்ண வேண்டியது இரவின் நீளத்தை அல்ல. வெளிச்சமும் பூட்டும் ஒன்றாக இருக்கும் நேரத்தை. அரை மணி நேரத்துக்குள் என்றால் எதுவும் தேவையில்லை. அதற்கு மேல் போகும் என்றால் தண்ணீர் உள்ளே இருக்க வேண்டும். கசியாத நிப்பிள் குழாயாக, கழிக்கு நேர்கீழே இல்லாமல், கோழி தலையை நிமிர்த்தி எட்டும் உயரத்துக்குத் தொங்கவிட்டதாக இருந்தால் தரை நனையாது.

கூண்டில் விளக்கு எரிந்தாலும் கணக்கு மாறும். கீரிக்குப் பயந்தோ திருடனுக்குப் பயந்தோ இரவெல்லாம் பல்பு போடுகிறவர்கள் கோழிக்குப் பகலை நீட்டுகிறார்கள். வெளிச்சம் இருக்கும்வரை அது தின்னும், குடிக்கும். அங்கே தீனியும் தண்ணீரும் வைக்காமல் இருப்பது தவறு. விளக்கை அணைப்பது அதைவிடச் சரி.

குஞ்சுகளுக்குத் தனிச் சட்டம். பொரித்த குஞ்சின் வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கரு இரண்டு மூன்று நாள் தாங்கும் என்றாலும், தாயில்லாமல் பல்புச் சூட்டில் வளரும் குஞ்சுக்குத் தட்டைக் காட்டிக்கொடுக்க யாரும் இல்லை. முதல் சில நாட்களுக்கு ஏறக்குறைய நாள் முழுக்க வெளிச்சமும், கூடவே தீனியும் தண்ணீரும் அதற்காகத்தான். தாய்க்கோழியின் இறகுக்குள் வளரும் குஞ்சுகளோ முதல் இரவிலிருந்தே விடிய விடியத் தூங்குகின்றன, நன்றாகவே வளர்கின்றன.

அடைக்கோழியைப் பற்றிய கவலையும் பலருக்கு உண்டு. 21 நாளும் முட்டைமேல் உட்கார்ந்திருக்கும் பெட்டை நாளுக்கு ஒருமுறை, கால் மணி நேரம் போல எழுந்து தின்று குடித்துவிட்டுத் திரும்பும். பட்டினி கிடக்கிறதே என்று தட்டைப் பக்கத்திலேயே வைத்தால் தின்னுமா? 1980-இல் வெளியான ஓர் ஆய்வில் அடைகாக்கும் காட்டுக்கோழிகளின் பக்கத்திலேயே தீனியை வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் அவை வழக்கத்தில் ஒரு சிறு பங்கையே தின்றன, எடை குறைந்துகொண்டே போனது. அந்த நாட்களில் அதன் உடம்பே குறைந்த எடையைச் சரியென்று ஏற்றுக்கொள்கிறது. பகலில் எழும்போது தீனியும் தண்ணீரும் பக்கத்தில் கிடைத்தால் போதும். இரவுக்கு ஒன்றும் வேண்டாம்.

கைவைத்துப் பார்க்கும் சோதனை

உங்கள் கோழி இரவுக்குத் தயாராக அடைந்ததா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. இருட்டியதும், கழியில் உட்கார்ந்திருக்கும் கோழியின் மார்புக்கு மேல், கழுத்தடியின் வலப்பக்கத்தில் விரலை வைத்துப் பாருங்கள். தீனிப்பை நிறைந்து, தானியம் மணிமணியாகக் கைக்குத் தட்டுப்பட வேண்டும். எல்லாக் கோழிக்கும் நிறைந்து, ஒன்றுக்கு மட்டும் சப்பையாக இருந்தால், அந்தக் கோழியை மற்றவை தீனிக்கு விடவில்லை என்று பொருள். கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு என்பதை நார்வேயின் ஷெல்டெருப்-எப்பே 1920-களின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார். கடைசியில் இருப்பதற்கும் கிடைக்க வேண்டுமானால், மாலைத் தீனியை ஒரே தட்டில் கொட்டாமல் முற்றம் முழுக்க அகல இறைக்க வேண்டும். அதையும் தினமும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். அந்தியை முன்கூட்டியே அறியும் கடிகாரம் அந்த ஒழுங்கை நம்பித்தான் பையை நிரப்புகிறது.

விடிகாலையில், தீனி போடும் முன் மறுபடி தொட்டுப் பாருங்கள். பை காலியாக, தட்டையாக இருக்க வேண்டும். அப்போதும் கெட்டியாகவோ, தண்ணீர் நிரம்பியது போல் தளதளவென்று புளித்த வாடையோடோ இருந்தால், பை அடைத்துக்கொண்டது அல்லது கெட்டுவிட்டது. நீளமான காய்ந்த புல்லோ, நூலோ, பிளாஸ்டிக் துணுக்கோ காரணமாக இருக்கலாம். அது தீனியைக் கூட்டுவதாலோ குறைப்பதாலோ தீராது. கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மாலையில் காலியாக இருந்தால் குறை நம் பகல் கவனிப்பில். காலையில் நிறைந்திருந்தால் குறை அதன் உடம்பில். இரண்டு நேரத்திலும் சரியாக இருந்தால், நடுவில் உள்ள இருட்டைக் கோழி பார்த்துக்கொள்ளும்.